வலப்பக்கம் விட்ட இடம்

ஏப்ரல் 12, புதன்

முற்றமெல்லாம் பனி உருகி ஒரே சேறு. காலையில் வெர்னர் லாடம் அடிக்க வந்தார். என் குதிரை கோர்ப்பனின் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "என்ன தாயி, வண்டிய எங்க விட்டுட்டு வந்த? இவன் திரும்பித் திரும்பிப் பாக்குறானே" என்று சிரித்தார்.

உண்மைதான். சேணம் போட்டு ஏற ஆரம்பித்த நாளிலிருந்து நூறு தப்படிக்கு ஒரு முறை தலையைத் திருப்பிப் பார்க்கிறான். ஏழு வருஷம் பின்னால் உருண்டு வந்த பந்தய வண்டியின் இரண்டு சக்கரங்களைக் காணோம். அதற்குப் பதிலாக முதுகில் ஒரு நாற்பத்தேழு வயதுப் பொம்பளை. எனக்கே சிரிப்பு வருகிறது, அவனுக்கு எப்படி இருக்குமோ.

அவனுக்கு வயது பதினொன்று. மூக்கு முதல் வால் வரை ஒரு வெள்ளை மயிர் கிடையாது. பந்தயப் புத்தகத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. லாயத்தில் கோர்ப்பன்தான் - அண்டங்காக்கை.

"ரெண்டு கிலோமீட்டருக்கு அந்தாண்ட ஒலகம் இருக்குன்னே இவனுக்குத் தெரியாது. இவன வெச்சு என்ன பண்ணப் போற?" என்றார் வெர்னர். சும்மா காட்டுப்பாதையில் ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். அவர் காப்பியில் நான்கு சர்க்கரைக் கட்டிகள் போட்டுக் குடித்துவிட்டுப் போனார்.

மத்தியானம் ராக்னா அண்ணியிடமிருந்து போன். "ஞாயித்துக்கிழம வரேன். குதிர விஷயமா பேசணும்." வைத்துவிட்டாள். குதிரையில் பாதி அவளுடையது. அண்ணன் தோர்க்கெலும் நானும் சேர்ந்து வாங்கியது. அவன் போனபிறகு அவன் பாதி அவளுக்கு வந்தது. அவன் போய் ஜூன் வந்தால் இரண்டு வருஷம். அதற்கப்புறம் அவள் இந்த முற்றத்தில் கால் வைத்ததில்லை.

ஏப்ரல் 16, ஞாயிறு

வந்தாள். லாயத்தின் பக்கம் பார்க்கவே இல்லை. சமையலறையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். மெலிந்துவிட்டாள். ரொட்டியும் சீஸும் வைத்தேன், தொடவில்லை.

"கறிக்கு அறுக்க அனுப்பிடலாம் ஹில்லெவி. இந்த வசந்தத்துலயே."

"அண்ணி, அது நல்லாத்தானே இருக்கு, கால்ல ஒரு வீக்கம் இல்ல, ஒண்ணும் இல்ல..."

"அது என் புருஷனக் கொன்ன குதிர. அது புல்லு தின்னுட்டு வெயில்ல நிக்குதுன்னு நெனச்சாலே எனக்குத் தூக்கம் வரல."

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நெடுந்தூர சவாரிக்குப் பழக்குகிறேன், உங்க அரபுக் குதிரை மாதிரி ஆக்கிக் காட்டுகிறேன், ஒரு கோடைகாலம் கொடுங்கள் என்றேன். இருபது வருஷமாக அவள் அந்த சவாரிதான் போகிறாள். அண்ணன் எப்போதும் கிண்டல் பண்ணுவான்: நாங்க ரெண்டரை நிமிஷத்துல முடிக்கிறத என் பொண்டாட்டி ஒரு நாள் பூரா செய்வா.

அவள் சிரித்தாள், நல்ல சிரிப்பில்லை. பிறகு சொன்னாள்: "செப்டம்பர் ஒம்பது. ஏரியச் சுத்தி எண்பது கிலோமீட்டர். அதுக்கு முன்னாடி நாப்பது முடிச்சிருக்கணும். எண்பதுல உன் வலது பக்கத்துலயே நான் வருவேன். தோர்க்கெல் வந்த பக்கம். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ அது என் பக்கம் சாஞ்சுதுன்னா நேரா அறுப்புக்கூடத்து லாரிதான். சரியா?"

சரி என்றேன்.

அவள் போனபின் லாயத்துக்குப் போனேன். கோர்ப்பன் என் சட்டைப்பையில் ரொட்டி இருக்கிறதா என்று மோந்து பார்த்தான். இருந்தது. அவளுக்கு வைத்த ரொட்டிதான்.

ஏப்ரல் 17, திங்கள்

இங்கே மட்டும் எழுதுகிறேன். வேறெங்கும் எழுதியதில்லை, யாரிடமும் சொன்னதில்லை.

அண்ணன் போன அன்றைய பந்தயத்தின் கடைசி நேர்த்தடம். நான் உள்பக்கம், முன்னால் போகும் வண்டிக்குப் பின்னால் அடைபட்டுக் கிடந்தேன். எனக்கு வலப்பக்கம் அண்ணன். அவன் சக்கரம் கோர்ப்பனின் தோளுக்கு நேரே. காதடைப்பின் கயிற்றை இழுத்தேன். எல்லோரும் செய்வதுதான். ஓட்டம் முழுக்கக் குதிரையின் காதை அடைத்து வைத்திருப்போம், கடைசியில் பிடுங்கினால் கூட்டத்தின் இரைச்சல் ஒரே அடியாக உள்ளே விழும், குதிரை மிச்சம் மீதி இருப்பதையெல்லாம் கொட்டி ஓடும். கோர்ப்பனும் கொட்டினான். ஆனால் ஓட வழி இல்லை. முன்னால் வண்டி, பக்கத்தில் அண்ணன்.

வழி வேண்டும். அதுதான் என் தலையில் இருந்தது. அண்ணன் ஒதுங்குவான், எப்போதும் கடைசியில் ஒதுங்குவான், சின்ன வயசிலிருந்து அப்படித்தான். காலையில்கூட எல்லோர் முன்னாலும், "மூணாவதா வர்றதுக்குன்னே எங்கம்மா ஒண்ணப் பெத்துப் போட்டிருக்கா" என்று என்னைக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வலது லகானை இழுத்தேன்.

கோர்ப்பன் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. கண்ணெதிரே சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது, அவனுக்குத் தெரிந்திருக்கும். நான் சொன்னேன், போனான். இரும்பு இரும்பில் உரசுகிற ஒரு சத்தம். அண்ணனின் வண்டி கவிழ்ந்தது. பின்னால் ஆறு குதிரைகள் வந்துகொண்டிருந்தன.

விசாரணையில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர். பந்தயத்தைப் பிடித்த படத்தில் ஒன்றும் தெரியவில்லை, முன்வண்டி மறைத்துவிட்டது. அவர்களில் ஒருவர் ரொம்ப இதமாகக் கேட்டார்: "காதடைப்ப எடுத்ததும் மெரண்டு வலது பக்கம் பாஞ்சிடுச்சா?" நான் தலையாட்டினேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு தலையாட்டல். குதிரையின் பெயருக்கு எதிரே எழுதிக்கொண்டார்கள்: நம்பத்தகாதது.

ஏப்ரல் 29, சனி

காட்டுப்பாதை எவ்வளவு அகலமாக இருந்தாலும் இடது ஓரமாகத்தான் ஓடுகிறான். வலப்பக்கம் ஒரு வண்டி போகும் அளவுக்கு இடம் விட்டுவிட்டு ஓடுகிறான்.

மே 14, ஞாயிறு

இன்று இருபத்தைந்து கிலோமீட்டர். ஏற்றத்தில் மற்ற குதிரைகள் தானாக நாலுகால் பாய்ச்சலுக்கு மாறிக்கொள்ளும், அதுதான் சுலபம். இவன் மாட்டேன் என்கிறான். வண்டிப் பந்தயத்தில் ஓட்டநடையில் மட்டும்தான் ஓட வேண்டும், விட்டுப் பாய்ந்தால் தகுதி போச்சு. அதை எலும்பு வரைக்கும் ஏற்றி வைத்திருக்கிறோம். மூச்சு வாங்க வாங்க, கழுத்தில் நுரை வழிய, ஓட்டநடையிலேயே ஏறுகிறான். "பாயேன்டா சனியனே, யாரு உன்னக் கேக்கப் போறா" என்று கத்தினேன். காதில் அடைப்பு, கேட்டிருக்காது.

அடைப்பை நான் எடுப்பதில்லை. பந்தயக் கடிவாளத்தோடு வந்த அதே அடைப்பு, அதே கயிறு. சேணத்தின் முன்வளையத்தில் முடிந்து வைத்திருக்கிறேன். எடுத்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எடுப்பதில்லை.

சாயங்காலம் அண்ணியிடமிருந்து ஒரு வரி: "தண்ணியில உப்பு கலந்து குடுக்கறியா?" அந்தக் குதிரையைச் சாகடிக்க நாள் குறித்தவள்தான். ஆனாலும் ஒரு குதிரை உப்பில்லாமல் ஓடுவதை அவளால் பொறுக்க முடியாது. கொடுக்கிறேன் என்று எழுதினேன். "எவ்வளவு?" என்று உடனே வந்தது. சொன்னேன். "பத்தாது."

மே 31, புதன்

சில நாட்களாக ஒரு சத்தம் கேட்கிறது, இன்றும் கேட்டது. பட்டப்பகலில், ஆற்றோரப் பாதையில். பின்னால், வலப்பக்கம். சக்கரம் சரளைக்கல்லில் உருளும் சத்தம், அதோடு நாக்கைக் கொட்டும் சத்தம் - ட்ச், ட்ச் - அண்ணன் குதிரையை முடுக்க அப்படித்தான் செய்வான். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் காதடைத்த கோர்ப்பனும் அதே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தானே, அதற்கு என்ன சொல்வது?

நான் திரும்பவில்லை. கழுத்து வலிக்க வலிக்க முன்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தேன். பயம்தான். நாற்பத்தேழு வயதில் இப்படி ஒரு பயம்.

ஜூன் 10, சனி

இரண்டு வருஷம். கல்லறைக்குப் போனேன், அண்ணி எனக்கு முன்னாலேயே பிளாஸ்கோடு வந்து உட்கார்ந்திருந்தாள். எனக்கும் ஊற்றினாள். கோர்ப்பனின் நாடித்துடிப்பு எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று கேட்டாள். நாங்கள் இப்போது பேசுவதெல்லாம் அவனைப் பற்றித்தான். வேறு பேச்சுக்கு இரண்டு பேருக்கும் தைரியமில்லை.

கிளம்பும்போது அவளாகவே சொன்னாள். "அன்னிக்குக் காலைல கஞ்சி குடிக்கறப்ப என்ன சொன்னான் தெரியுமா? 'இன்னிக்கு ஹில்லெவிகிட்டதான் நல்ல குதிரை. அது ஜெயிச்சாலும் பாதி என்னுதுதானே, எனக்கென்ன நஷ்டம்'னு. சிரிச்சுக்கிட்டே சொன்னான். நீ ஜெயிச்சா அவனுக்குச் சந்தோஷம்தான்டீ. உன்கிட்ட சொல்ல மாட்டான், அவ்வளவுதான்."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. நான் இழுத்துக்கொண்டு ஓடிவிடலாம் போல இருந்தது. அவளுக்கு நாத்தனார்மேல் பாசம் திரும்பி வருகிறது. குதிரை காப்பாற்றப்பட வேண்டும், அவளும் என்னை விட்டுப் போகக் கூடாது. இரண்டும் வேண்டும் எனக்கு. வெட்கமில்லாமல் இரண்டும் வேண்டும்.

ஜூன் 11, ஞாயிறு

அவன் ஒதுங்கியிருப்பான். இன்னும் இரண்டு நொடி பொறுத்திருந்தால் அவனாகவே ஒதுங்கியிருப்பான்.

ஜூலை 15, சனி

நாற்பது கிலோமீட்டர் முடித்துவிட்டான்! அறுபத்து நான்குக்குக் கீழே இறங்க வேண்டிய துடிப்பு, பத்தே நிமிஷத்தில் ஐம்பத்தொன்று. வைத்தியர் முன்னால் கையில் பிடித்து ஓட்டிக் காட்ட வேண்டும், நொண்டுகிறதா என்று பார்ப்பார்கள். இவன் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து வைத்தியர், ஒரு சின்னப்பெண், "இப்படியெல்லாம் ஓடினா எனக்கு என்ன வேலை" என்றாள். எனக்குத்தான் மூச்சு வாங்கியது. குதிரை சவாரி மைதானத்தில் அரபுக்குதிரைக்காரர்கள் முதலில் மூக்கைச் சுளித்தார்கள் - வண்டிக்குதிரை, நீளக்கால், பெரிய தலை. முடிந்ததும் இரண்டு பேர் வந்து கழுத்தைத் தட்டிக்கொடுத்தார்கள்.

அண்ணி வந்திருந்தாள், வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தாள். கோர்ப்பனைத் தொடவில்லை, தண்ணீரை வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நின்றாள். ஆனால் பார்த்தாள். விடாமல் பார்த்தாள்.

"காதடைப்பு எதுக்கு இன்னும்?" என்று கேட்டாள்.

"எடுத்தா தெறிச்சு ஓடிடும் அண்ணி. உங்களுக்குத் தெரியாததா."

"பந்தயத் தடத்துல சரி. இங்க காட்டுல யாரு கூவறா?"

"பழக்கம்" என்றேன்.

அவள் கயிறு முடிந்திருந்த வளையத்தைப் பார்த்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 19, சனி

அண்ணி வீட்டில் நண்டு விருந்து. அண்ணன் இருந்தவரை வருஷா வருஷம் காகிதத் தொப்பி போட்டுக்கொண்டு பாடுவான்; இப்போது யாரும் பாடவில்லை, வெர்னர் மட்டும் இரண்டு அடி பாடிவிட்டு நிறுத்திக்கொண்டார். பாத்திரம் கழுவும்போது அவளும் நானும் மட்டும். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "அண்ணி, அன்னிக்கு..." என்றேன். அவள் கையிலிருந்த தட்டோடு திரும்பினாள். முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது, ரொம்ப நாள் கழித்து.

"அன்னிக்கு நான் குடுத்த சட்டிய எடுத்துட்டுப் போறேன்" என்றேன்.

தூ.

செப்டம்பர் 8, வெள்ளி

நாளைக்கு. அண்ணியின் டிரெய்லரிலேயே இரண்டு குதிரைகளும். அவளுடைய சாம்பல் நிறப் பெட்டை ஸ்மூலனும் கோர்ப்பனும் ஒரு மணி நேரத்தில் சிநேகிதமாகிவிட்டன. நாளை அவன் நேராக ஓடினால் பிழைத்தான். நேராகத்தான் ஓடுவான். நான் ஒன்றும் சொல்லாமலே எல்லாம் சரியாகிவிடும். அப்படித்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணல்.

நேற்றுக் காலை ஏரிமேல் மூடுபனி. ஏழு மணிக்குக் கிளம்பினோம். சொன்னபடியே அவள் வலப்பக்கம், ஸ்மூலனின் மூக்கு கோர்ப்பனின் தோளுக்கு நேராக. இத்தனை நாளாக அவன் காலியாக விட்டு வைத்திருந்த இடம். அவன் ஒரு முறை திரும்பிப் பார்த்தான், பெருமூச்சு விட்டான், காதைத் தளர்த்திக்கொண்டான். அதற்கப்புறம் திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்தச் சத்தமும் வரவில்லை. முதல் முப்பது கிலோமீட்டர் நான் எவ்வளவு நிம்மதியாக வந்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அண்ணி பாட்டு முணுமுணுத்தாள். "இவன் நடை தோர்க்கெலோட பழைய கார் மாதிரி, குலுக்காம போகுது" என்றாள். அவள் வாயிலிருந்து "இவன்" என்று வந்தது அதுதான் முதல் தடவை. அதுவரைக்கும் "அது"தான்.

முதல் சோதனையில் துடிப்பு ஐம்பத்து நான்கு. நாற்பது நிமிஷம் ஓய்வு. முட்டையும் கருவாட்டு ரொட்டியும் தின்றோம். அவள் கோர்ப்பனின் நெற்றியைத் தொட்டாள். ஒரு விரலால்.

இரண்டாம் சுற்றில், ஐம்பதைத் தாண்டியபிறகு, பாதை மரமறுக்கும் ஆலையை ஒட்டிப் போகிறது. சனிக்கிழமையும் ஓடுகிற ஆலை. அறுவை இயந்திரம் போடுகிற கூச்சல் அரை கிலோமீட்டருக்கு முன்னாலேயே பல்லில் கூசும். பாதை அங்கே அகலம், நேர், சரளை. நல்ல ஓட்டநடையில் போய்க்கொண்டிருந்தோம். ஆலையின் நேர் எதிரே வந்ததும் அண்ணி ஸ்மூலனை ஒட்டிக் கொண்டுவந்தாள், முழங்காலும் முழங்காலும் உரசுகிற அளவுக்கு. என்ன அண்ணி என்று கேட்கத் திரும்பினேன். அவள் எட்டி என் சேணத்தின் முன்வளையத்தில் கைவைத்து, கயிற்றைப் பிடித்து, வெடுக்கென்று இழுத்தாள்.

இரண்டு காதடைப்பும் தெறித்து வந்தன.

கோர்ப்பன் கிளம்பினான். அப்படி ஒரு கிளம்பல் நான் வண்டியில்கூட உணர்ந்ததில்லை. ஆலையின் கூச்சல் முழுசும் அவன் காதில். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, காற்றினால்தான் முதலில். லகான் இரண்டும் என் கையில் தொங்கிக்கொண்டிருந்தன, நான் இழுக்கவில்லை, இழுக்க முடியவில்லை. முந்நூறு மீட்டர். ஓட்டநடைதான், ஒரு அடி பாயவில்லை. வலது பக்கமும் இல்லை, இடது பக்கமும் இல்லை. பாதையின் நடுவே கோடு போட்டு வைத்த மாதிரி நேரே.

ஆலையைத் தாண்டித் தானாக வேகம் குறைந்தான். அண்ணி பின்னால் வந்து சேர்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

"நேராத்தானே போச்சு" என்றாள்.

நான் கோர்ப்பனின் பிடரியைக் கோதினேன்.

"ஹில்லெவி. ஒரு சாண்கூட சாயல. அந்தக் காதடைப்பப் பத்தி ஜூலைலேந்து எனக்கு ஒரு உறுத்தல். இன்னிக்குப் பூரா பாத்துட்டு வந்தேன். நீ வலது லகானத் தொடவே மாட்டேங்கற. வளைவுல கூட உடம்பத்தான் சாய்க்கற. ஏன்?"

"நான்தான் இழுத்தேன்."

"என்னத்த?"

"அன்னிக்கு. வலது லகான. எனக்கு வழி வேணும்னு அண்ணன் மேல இழுத்தேன். இது மெரளவே இல்ல அண்ணி. நான் சொன்னேன், போச்சு. அவன் ஒதுங்கிடுவான்னு நெனச்சேன். சத்தியமா ஒதுங்கிடுவான்னுதான்..."

குதிரைகள் நடந்துகொண்டே இருந்தன. பின்னால் வந்த இரண்டு சவாரிக்காரர்கள் "எல்லாம் சரியா?" என்று கேட்டுக்கொண்டே தாண்டிப் போனார்கள். அண்ணி அவர்களுக்குக் கையசைத்தாள். அவ்வளவு ஒழுங்காக அசைத்தாள்.

பிறகு சொன்னாள்: "ரெண்டு வருஷமா இத அறுக்கணும் அறுக்கணும்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். நீ பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்த."

"அண்ணி..."

"எறங்கு."

"இன்னும் முப்பது கிலோமீட்டர்..."

"எறங்குன்னேன்."

இறங்கினேன். அவள் கோர்ப்பனின் லகானைத் தலைக்கு மேலாக எடுத்துத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். ஸ்மூலனைத் திருப்பினாள். இரண்டு குதிரைகளும் அவளோடு வந்த வழியே போயின. அவன் ஒரு முறைகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கணும்?

மைதானம் வரைக்கும் நடந்தேன், ஒன்றரை மணி நேரம். டிரெய்லர் போய்விட்டிருந்தது. அது நின்றிருந்த இடத்தில் என் சேணம் மட்டும் புல்லின்மேல், ஈரம் படாமல் ஒரு சாக்கு விரித்து, அதன்மேல் வைத்திருந்தாள். அந்தச் சாக்கைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. வைத்தியர் பெண் ஓடி வந்தாள். "ராக்னா ரெண்டையும் காட்டிட்டுத்தான் போனாங்க. உங்களோடது நாப்பத்தெட்டு! எதுக்கு விட்டீங்க, எண்பதும் முடிச்சிருக்குமே?" என்றாள். உடம்பு சரியில்லை என்றேன்.

வெர்னருக்குப் போன் பண்ணினேன், வந்து கூட்டிப்போனார். வழியில் அவரிடமும் சொன்னேன். ஒரு தடவை வாய் திறந்துவிட்டால் அடைக்க முடியவில்லை. அவர் வண்டியை ஓரம் கட்டினார். பிறகு, "அந்தக் குதிரைக்கு ஏழு வருஷம் லாடம் அடிச்சிருக்கேன். சுத்தியலக் கீழ போட்டாக்கூட நகராது. எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு தாயி. என் குதிரை இல்லியேன்னு விட்டுட்டேன்" என்றார். அப்புறம் அவரும் அழுதார் என்று நினைக்கிறேன். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

செப்டம்பர் 11, திங்கள்

ஆறு தடவை போன் பண்ணினேன். எடுக்கவில்லை. குதிரை எங்கே என்று மட்டும் சொல்லுங்கள் என்று எழுதினேன். படித்துவிட்டாள், பதில் இல்லை.

செப்டம்பர் 13, புதன்

அறுப்புக்கூடத்துக்குப் போன் பண்ணினேன். கறுப்புக் குதிரை, பதினொரு வயது, இந்த வாரம் வந்ததா? எடுத்த பெண், உரிமையாளர் யார் என்றாள். பாதி நான் என்றேன். "பாதிய வெச்சு நான் என்னம்மா பண்றது, மத்த பாதி யாரோ அவங்களைக் கேளுங்க." இரண்டு பேர் பேரிலும் இருக்கும் குதிரையை ஒருத்தி மட்டும் கொடுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சமாதானமாகவில்லை. ஆத்திரத்தில் இருக்கிற மனுஷி எதையும் செய்வாள். நான் செய்யவில்லையா? ஒரு கிண்டலுக்கு?

மத்தியானம் விசாரணைக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். ஒரு பக்கம்தான் வந்தது. குதிரையின் பெயருக்கு எதிரே எழுதியதை அடித்துவிடும்படி கேட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 20, புதன்

லாயத்தில் அவன் கட்டுத்தறிக்கு முன்னால் வாளியில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருக்கிறேன், தினமும். முட்டாள்தனம்.

செப்டம்பர் 28, வியாழன்

விசாரணைக் குழுவின் பதில். நவம்பரில் வரவேண்டும். அதுவரை பந்தய வண்டி ஓட்ட உரிமம் கிடையாது. அதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. வண்டியில் உட்கார்ந்து இரண்டு வருஷமாகிறது. கடைசியில் ஒரு வரி: தங்கள் கடிதத்தின் நகல் திருமதி ராக்னாவுக்கும் அனுப்பப்பட்டுள்ளது. படித்திருப்பாள். எழுத்தில் படிப்பது வேறு. 'வலது லகானை இழுத்தேன்' என்று நான்தான் எழுதியிருக்கிறேன், என் கையெழுத்தில்.

அக்டோபர் 6, வெள்ளி

தபாலில் ஒரு கெட்டி உறை. அண்ணியின் கையெழுத்து. உட்கார்ந்துகொண்டுதான் பிரித்தேன்.

கோர்ப்பனின் பாஸ்போர்ட். ஒவ்வொரு குதிரைக்கும் ஒன்று உண்டு, தடுப்பூசியும் உரிமையாளரும் எழுதுகிற சிறு புத்தகம். உரிமையாளர் மாற்றும் தாள் உள்ளே மடித்து வைத்திருந்தது; அவள் பெயர் முழுதாக நிரப்பி, என் பாதியைக் கொடுக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி. கூடவே ஒரு துண்டுச்சீட்டு: "எழுதிக் குடு. தபால்ல அனுப்பு. நேர்ல வராத."

அவ்வளவுதான். திட்டக்கூட இல்லை. திட்டியிருக்கலாம்.

உயிரோடு இருக்கிறானா என்று அதில் எங்கேயும் இல்லை. புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். பின்பக்கம் வந்தது. 'இந்தக் குதிரையை உணவுக்காக அறுக்கக் கூடாது' என்று அச்சடித்த பக்கம். அதில் ஒரு முறை கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். அப்புறம் எந்த உரிமையாளரும், எந்த வைத்தியரும் மாற்ற முடியாது. அண்ணி கையெழுத்துப் போட்டிருந்தாள். பேனாவை அழுத்தி, பின்தாள் வரைக்கும் பதியும்படி.

தேதியைப் பார்த்தேன். செப்டம்பர் 9.

அன்றைக்கே. நான் ஆலையிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தபோதோ, அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த உடனேயோ. வேறு எதையும் யோசிக்கும் முன்னால் அவள் முதலில் செய்தது அதைத்தான்.

அக்டோபர் 9, திங்கள்

பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஏதாவது எழுதி வைக்கலாம் என்று ஒரு தாள் எடுத்தேன். "அண்ணி" என்று எழுதினேன், அதற்கு மேல் எனக்கு உரிமை இருந்ததாகத் தெரியவில்லை. தாளைக் கிழித்துவிட்டு, பாஸ்போர்ட்டை மட்டும் உறையில் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன். கோர்ப்பன் இப்போது முழுசாக அவளுடையவன்.